டீச்சரம்மாவின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி

திருநெல்வேலித் திருமண்டலத்தின் கிறிஸ்தவக் கிராமங்களில், விடியுமுன் குடும்ப ஜெபம், விடிந்ததும் வயல், மணியடிக்குமுன் பள்ளிக்கூடம், மாலையில் மறுபடியும் மாடும் வைக்கோலும் என்று வாழ்ந்து முடித்த ஆசிரியைகள் ஏராளம். ஊர் அவர்களை டீச்சரம்மா என்றே அழைத்தது. அவர்களைப் பற்றி எழுத்தில் இருப்பது பெரும்பாலும் கல்லறைக் கல்லில் இரண்டு தேதிகளும் ஒரு வசனமும், அடக்க ஆராதனைத் தாளில் அரைப் பக்கமும் மட்டுமே. என் தாயார் 1934இல் பிறந்து, பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி முடித்து, 37 ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து, கடம்பா குளத்துப் பாசனத்தில் இருந்த எங்கள் வயலையும் வீட்டையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டவர். அவருடைய வரலாற்றை எழுதி முடிக்க எனக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. அவற்றில் மூன்று ஆண்டுகள் வழி தெரியாமல் கழிந்தன. அதே வேலையைத் தொடங்க நினைக்கும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த மூன்று ஆண்டுகள் மிஞ்சட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நான் செய்த பெரிய பிழை இதுதான்: பக்தி, பள்ளி, விவசாயம் என்று மூன்று அத்தியாயங்களாகப் பிரித்து எழுதத் தொடங்கினேன். முதல் அத்தியாயத்தில் ஒரு பக்திமான் வந்தார். இரண்டாவதில் ஒரு நல்லாசிரியை வந்தார். மூன்றாவதில் ஓர் உழைப்பாளி வந்தார். என் தாயார் எதிலும் வரவில்லை. அவர் வாழ்ந்தது அந்த மூன்றும் ஒன்றையொன்று நெருக்கிய இடத்தில்தான் என்பது பிந்தித்தான் எனக்குப் புரிந்தது.

முதலில் தாள்களைக் காப்பாற்றுங்கள்

எழுதத் தொடங்குமுன் செய்ய வேண்டியது படியெடுத்தல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பகுதியில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்த வெள்ளம் கட்டிலையும் பீரோவையும் மட்டும் கெடுக்கவில்லை. டிரங்குப் பெட்டிகளில் இருந்த பத்திரங்களையும் நோட்டுகளையும் கூழாக்கிவிட்டது. என் தாயாரின் பாடக்குறிப்பு நோட்டுகளில் நான் அதுவரை படம் எடுக்காதவை அப்படித்தான் போயின.

ஆகவே இன்றே கைபேசியை எடுத்து, பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஒவ்வொரு பக்கத்தையும் நேர் மேலிருந்து படம் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் பின்னட்டையையும் விட்டுவிடாதீர்கள். கணக்குகள் பெரும்பாலும் பின்னட்டையில்தான் இருக்கும். நனைந்த நோட்டு கைக்கு வந்தால் தாள்களைப் பிரித்து இழுக்கக் கூடாது. வெயிலில் போடவும் கூடாது. இடையிடையே அச்சில்லாத உறிஞ்சும் தாளை வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலரவிட்டு, அந்தத் தாளை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருங்கள்.

வேதாகமத்தின் ஓரங்கள்

தன்னைப் பற்றிப் பேசுவதைப் பெருமையென்று கருதிய தலைமுறை அது. நாட்குறிப்பு எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் வேதாகமத்தின் ஓரங்களில் எழுதியிருப்பார்கள். என் தாயாரின் வேதாகமத்தில் 126ஆம் சங்கீதத்தின் பக்கத்தில் ஒரு நெற்கதிர் காய்ந்து, தாளில் பழுப்பு நிறத் தடமாகப் பதிந்திருக்கிறது. அதன் அருகே பென்சிலால் மூன்று வெவ்வேறு ஆண்டுகளின் தேதிகளும், ஒரு தேதிக்குப் பக்கத்தில் மட்டும் ‘மழைக்கு முன் களம் சேர்ந்தது’ என்ற வரியும் உள்ளன. விதைப்பையும் அறுப்பையும் பாடும் அந்தச் சங்கீதத்தை அவர் எப்படி வாசித்தார் என்பதற்கு வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

இத்தகைய குறிப்புகளைத் தொகுக்கும்போது வேதாகமத்தின் வரிசையில் தொகுக்காமல், தேதி வரிசையில் தனி நோட்டில் எழுதுங்கள். தேதி இல்லாதவற்றுக்கு மையின் நிறம், கையெழுத்தின் நடுக்கம் ஆகியவை உதவும். எழுத்து வடிவமும் ஓரளவு உதவும். தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது ணை, லை, னை, ணா, றா போன்றவற்றின் பழைய வடிவங்கள் பாடநூல்களிலிருந்து நீங்கின. பள்ளி நோட்டில் யானைத் தும்பிக்கை போல் வளைந்த பழைய ‘லை’ இருந்தால் அது பெரும்பாலும் அதற்கு முந்தையது. ஆனால் இதே அளவுகோலை வேதாகமத்தின் ஓரங்களுக்கு வைக்காதீர்கள். என் தாயார் கரும்பலகையில் பிள்ளைகளுக்குப் புதிய எழுத்தைக் கற்றுக்கொடுத்துக்கொண்டே, தமக்கென்று எழுதியதில் கடைசிவரை பழைய எழுத்தை விடவில்லை. இதை அறியாமல் பல குறிப்புகளுக்கு நான் பத்து ஆண்டுகள் முந்திய தேதியைக் கொடுத்திருந்தேன்.

பதிவேடுகளை நாடுதல்

சேகரத்தின், அதாவது பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டத்தின், குருவானவரிடம் எழுத்து மூலமாக அனுமதி கேட்டு, பண்டிகைக் காலம் அல்லாத ஒரு வார நாளில் செல்லுங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பிறந்த தேதியும் ஞானஸ்நானம் பெற்ற தேதியும் தனித்தனியே இருக்கும். பள்ளிச் சான்றிதழிலும் பணிப்பதிவேட்டிலும் இருக்கும் தேதி இதிலிருந்து மாறுபட்டால் அதிர்ச்சியடைய வேண்டாம். ஐந்து வயது நிறைந்ததாகக் காட்டிப் பள்ளியில் சேர்ப்பதற்காகப் பெற்றோரோ வாத்தியாரோ தேதியை மாற்றிச் சொல்வது அன்றைய வழக்கம். வரலாற்றில் பதிவேட்டுத் தேதியை ஏற்றுக்கொண்டு, பணிக்காலக் கணக்குக்கு மட்டும் சான்றிதழ்த் தேதியை வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணப் பதிவேடு இன்னும் வளமானது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் படிவத்தில் மணமக்களின் வயது, தொழில், குடியிருப்பு, தகப்பன் பெயர், சாட்சிகளின் கையொப்பம் எல்லாம் உண்டு. தொழில் என்ற கட்டத்தில் மணமகனுக்கு விவசாயம் என்றும் மணமகளுக்கு ஆசிரியை என்றும் இருப்பதைக் கண்டால், அந்த வீட்டில் மாதச் சம்பளம் யாருடைய கையில் வந்தது, அறுவடைப் பணம் யாருடைய கையில் வந்தது என்ற கேள்வி அங்கேயே தொடங்குகிறது. சாட்சிகளில் எத்தனை பேர் கைநாட்டு வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

பள்ளியில் சேர்க்கை நீக்கப் பதிவேட்டையும் பார்வையாளர் பதிவேட்டையும் காட்டும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் அந்த நாளில் எத்தனை பிள்ளைகள் வந்திருந்தார்கள், எந்தப் பாடம் நடந்தது என்று எழுதியிருப்பார்கள். சேர்க்கைப் பதிவேட்டில் பிற பிள்ளைகளின் சாதி, பெற்றோர் விவரங்கள் இருக்கும். அவற்றைப் படம் எடுக்கவோ அச்சிடவோ நமக்கு உரிமையில்லை. எண்ணிக்கைகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு எழுத்து எந்த வழியாக வந்தது என்பதையும் இந்தக் கட்டத்தில் தேடிவிடுங்கள். 1799இல் முதலூர் உருவான காலந்தொட்டு இப்பகுதியின் கிறிஸ்தவக் குடியிருப்புகளில் கோயிலும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே வளர்ந்தன. இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னலும் கற்பித்தார். பாளையங்கோட்டையின் சாராள் தக்கர் நிறுவனம் ஒருபோதும் இந்தியாவுக்கு வராத ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பெயரைத் தாங்கி, இந்தக் கிராமங்களுக்கு ஆசிரியைகளைப் பயிற்றி அனுப்பியது. உங்கள் ஆச்சியின் ஆச்சி இவற்றில் ஏதாவது ஒன்றில் படித்திருக்கக்கூடும். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பெண்களுக்கு எழுத்துத் தெரிந்திருந்தது. வயலுக்கு வேலைக்கு வந்த பெண்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மூன்று நாட்காட்டிகளும் ஒரே தாளில்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய உங்களுக்கு நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள். ஒரு பெரிய தாளை எடுத்து, ஜூன் முதல் மே வரை பன்னிரண்டு கட்டங்கள் போட்டு, மேல் வரிசையில் பள்ளி ஆண்டையும், நடு வரிசையில் பயிர் ஆண்டையும், கீழ் வரிசையில் சபை ஆண்டையும் எழுதுங்கள்.

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பருவங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது கார் நாற்றங்காலுக்கு உழவு நடக்கும். காலாண்டுத் தேர்வு வரும்போது கார் அறுவடைக்கு நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் பிசான நடவு. மார்கழியில் களையெடுப்பு, அரையாண்டுத் தேர்வு, கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய ஆகமன காலத்து ஆயத்தம், கிறிஸ்துமஸ் நான்கும் ஒரே வாரங்களில் வந்து விழும். மாசி, பங்குனியில் பிசான அறுவடை. அதே நாட்களில் உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தைய தவக்காலமான லெந்து. அதன் பின்னாலேயே முழு ஆண்டுத் தேர்வு. குளம் பெருகாத ஆண்டில் கடைமடைக்குக் கார் இல்லை. அப்போது ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆசிரியையின் சம்பளம்தான் வீட்டைத் தாங்கும்.

எடுத்துக்காட்டாக 1970 ஜூன் முதல் 1971 மே வரையிலான ஆண்டை நான் இப்படி வரைந்தேன். 1971இல் உயிர்த்தெழுதல் பண்டிகை ஏப்ரல் 11. ஆகவே லெந்து தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 24. மார்ச் மாதத் தொடக்கத்தில் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் தேர்தல் நடந்து, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் வாக்குச்சாவடியானது. என் தாயாரின் கூலிக் கணக்கு நோட்டைத் திறந்து பார்த்தால், மேல்வயல் அறுப்பு சரியாக அந்த நாட்களில்தான் நடந்திருக்கிறது. பள்ளி மூடிய நாளை அவர் ஓய்வாகக் கொள்ளாமல் களத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார். அதே வாரத்தில் கணக்கின் ஓரத்தில் ‘ஒருநேரம்’ என்று மூன்று நாட்கள் குறித்திருக்கிறார். லெந்தில் அவர் ஒருநேரம் மட்டும் உண்பது எங்களுக்குத் தெரியும். வெயிலில் அறுப்புக் களத்தில் நின்றுகொண்டு அப்படி இருந்தார் என்பது அந்தத் தாளை வரையும்வரை தெரியாது. உபவாசம் என்ற சொல்லைக்கூட அவர் எழுதவில்லை. கூலி ஆட்களுக்குச் சோறு கணக்கிடும்போது தமக்கு உள்ள பங்கைக் கழிப்பதற்காகத்தான் அதைக் குறித்திருக்கிறார்.

இதுபோல் ஐந்தாறு ஆண்டுகளை வரைந்தால் போதும். ஒவ்வோர் ஆண்டையும் வரைய வேண்டியதில்லை. திருமணமான ஆண்டு, முதல் பிள்ளை பிறந்த ஆண்டு, பயிர் பொய்த்த ஆண்டு, பள்ளி மாற்றலான ஆண்டு, பணி ஓய்வு ஆண்டு என்று தேர்ந்துகொள்ளுங்கள்.

வயல் கணக்கை வாசித்தல்

பட்டாவிலும் சிட்டாவிலும் அவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. நிலம் கணவர் பெயரில் இருக்கும். அடங்கலில் எந்தச் சர்வே எண்ணில் எந்தப் பயிர் என்பது மட்டும், ஜூலை முதல் ஜூன் வரையிலான வருவாய்த் துறைக் கணக்கான பசலி ஆண்டின்படி இருக்கும். பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1380 என்பது 1970 ஜூலை முதல் 1971 ஜூன் வரை. பழைய ஆவணங்களில் திருநெல்வேலி மாவட்டம் என்றும், 1986இல் மாவட்டம் பிரிந்தபின் சிதம்பரனார் மாவட்டம் என்றும், பிறகு தூத்துக்குடி என்றும் இருப்பது ஒரே ஊர்தான். இதைக் குறித்து வைக்காவிட்டால் பேரப்பிள்ளைகள் குடும்பம் இரண்டு முறை இடம் மாறியதாக நினைத்துக்கொள்வார்கள்.

நெல்லைக் கோட்டையிலும் மரக்காலிலும் எழுதியிருந்தால் அப்படியே எழுதுங்கள். 21 மரக்கால் ஒரு கோட்டை என்பது நெல்லைச் சீமைக் கணக்கு. ஆனால் மரக்காலின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் கிலோவாக மாற்றப் போகாதீர்கள். 1957 ஏப்ரலுக்கு முந்தைய கணக்குகளில் ரூபாய், அணா, பைசா இருக்கும். பதினாறு அணா ஒரு ரூபாய்.

நிலம் அவர் பெயரில் இல்லாவிட்டாலும் உழைப்பு எங்கே பதிந்திருக்கிறது என்று தேடுங்கள். விதைநெல் பானையின் மேல் சாக்கட்டியால் எழுதிய தேதி, கூலி நோட்டு, விளைச்சலுக்கு நன்றி செலுத்தும் ஸ்தோத்திரப் பண்டிகையில் ஏலத்துக்குக் கொடுத்த முதல் வாழைத்தாரின் ரசீது, பிடி அரிசிக் காணிக்கைக் கலயம் ஆகியவையும் ஆவணங்களே. ஒவ்வொரு நாளும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை அந்தக் கலயத்தில் போட்ட கை, அன்று வீட்டில் அரிசி குறைவாக இருந்தபோது என்ன செய்தது என்று வீட்டிலுள்ள மூத்த பெண்ணிடம் கேளுங்கள்.

யாரிடம், எதைக் கேட்பது

‘அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் எல்லாரும் ‘தங்கமான மனுஷி’ என்றே சொல்வார்கள். அந்த அன்பை வணங்கி ஏற்றுக்கொண்டு, பிறகு சிறிய கேள்விகளைக் கேளுங்கள். பள்ளிக்குப் போகும்போது கையில் என்ன வைத்திருந்தார்? மழை நாளில் எந்த வழியாக வந்தார்? பிள்ளை எழுதாமல் வந்தால் முதலில் என்ன சொல்வார்? இப்படிக் கேட்டபோது, அவரிடம் ஒன்றாம் வகுப்புப் படித்த ஒருவர், டீச்சரின் விரல் நகங்களில் ஒரு பக்கம் சாக்கட்டியும் மறுபக்கம் வயல் சேறும் இருக்கும் என்றும், ‘அ’ எழுதக் கைபிடிக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்றும் சொன்னார். அவர் கிறிஸ்தவர் அல்லர். வேறு சமயத்துப் பிள்ளைகளின் நினைவுகளை விட்டுவிட்டால் வரலாறு அரைகுறையாகிவிடும்.

வயலில் வேலை செய்தவர்களிடம் கட்டாயம் பேசுங்கள். இது எளிதான பகுதி அல்ல. கூலி எவ்வளவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இருந்ததா, மதியச் சோறு எங்கே வைத்துப் பரிமாறப்பட்டது, எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் அவர்கள் பின்முற்றத்தில்தான் உட்கார்ந்தார்கள். என் தாயார் அவர்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வீடு வீடாக நடந்தவர். அந்தப் பின்முற்ற வழக்கத்தை மாற்றாமலே இருந்தவரும் அவர்தான். இரண்டையும் எழுதினேன். அவர் நேசித்த சத்தியத்துக்கு அதுவே மரியாதை என்று நம்புகிறேன்.

வயதானவர்களிடம் ஒரே அமர்வில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசாதீர்கள். ஆண்டு நினைவில்லாதபோது பொது நிகழ்ச்சிகளை வைத்துக் கேளுங்கள்: 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது எந்த வகுப்பு எடுத்தார், 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தபோது பள்ளியில் அடுப்பு எங்கே போட்டார்கள், 1992 நவம்பரில் தாமிரபரணி வெள்ளம் வந்தபோது வேலையில் இருந்தாரா ஓய்வு பெற்றுவிட்டாரா. பதிவு செய்யுமுன் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்று சொன்ன பகுதியை எழுதாதீர்கள்.

விசுவாசத்தை எழுதும் முறை

‘அவர் ஆழ்ந்த விசுவாசி’ என்று எழுதுவதால் வாசகருக்கு எதுவும் தெரியாது. எத்தனை மணிக்கு எழுந்தார், விளக்கு எங்கே இருந்தது, எந்தக் கீர்த்தனையை எந்த வேலையின்போது பாடினார், யாருக்காகப் பெயர் சொல்லி ஜெபித்தார் என்று எழுதுங்கள். கேட்டது கிடைக்காத நாளையும் எழுதுங்கள். எனக்கு மூத்த குழந்தை ஒன்று நான்கு மாதத்தில் இறந்தது. அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு வேதாகமத்தின் ஓரங்களில் ஒரு குறிப்பும் இல்லை. அந்த வெற்றிடத்தை விளக்கும் உரிமை எனக்கு இல்லை என்று கருதி, குறிப்புகள் நின்ற தேதியையும் மீண்டும் தொடங்கிய தேதியையும் மட்டும் கொடுத்தேன். மீண்டும் தொடங்கிய முதல் குறிப்பு, மூன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கை.

வாசிக்கக் கொடுத்துத் திருத்துதல்

எழுதியதைக் கணினியில் ஏற்றி, அகலமான ஓரம் விட்டு, ஐந்தாறு படிகள் மட்டும் எடுத்து, அவரை அறிந்தவர்களிடம் ஒரு பென்சிலோடு கொடுங்கள். கண் மங்கியவர்களுக்கு நீங்களே உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.

என் தாயார் கழுத்துச் சங்கிலியை விற்று என்னைக் கல்லூரியில் சேர்த்தார் என்று நான் மிகுந்த நன்றியோடு ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சித்தி இப்படி எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள்: ‘சங்கிலி விற்றது உன் படிப்புக்கு இல்லை. நடவுக்கு வருகிறவளின் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், அதற்கு. உனக்கு ஆசிரியர் சங்கத்தில் கடன் எடுத்தாள்.’ சம்பளப் பட்டியல்களைத் தேடிப் பார்த்தேன். நான் கல்லூரியில் சேர்ந்த ஜூலை மாதத்திலிருந்து 36 மாதங்களுக்குக் கூட்டுறவு நாணயச் சங்கத்தின் பிடித்தம் ஓடியிருக்கிறது. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, சித்தியின் வரியையும் பிடித்தக் கணக்கையும் அந்த இடத்தில் வைத்தேன்.